படைக்கு நடுவே ஒரு பெயர்

பிளிஸார்ட் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டில் ஒரு சாதாரண மரீன் வீரனுக்கு 40 உயிர்ப்புள்ளிகள். அதே ரகக் கவசத்தை மாட்டிக்கொண்டு, அதே ரகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஜிம் ரேனர் வந்தால் அவருக்கு 200. ரேனர் ‘வல்ச்சர்’ வண்டியில் ஏறிவிட்டால் 300. வேறு யார் ஓட்டினாலும் அந்த வண்டிக்கு 80தான். வண்டியும் ஒன்று, தகடும் ஒன்று. உள்ளே இருப்பவருக்குப் பெயர் இருக்கிறது என்பதே வித்தியாசம்.

இந்த ரேனரை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் பத்திரப்படுத்தி வைத்தார்கள். அவர் இறந்தால் அந்தக் கட்டமே தோல்வி என்பது விதி. ஆகவே முகாமின் மூலையில், பதுங்கு அரண்களுக்குப் பின்னால், எதிரியின் கண்ணில் படாத இடத்தில் அவரை நிறுத்திவிட்டு, பெயரில்லாத மரீன்களைப் போருக்கு அனுப்பினார்கள். கதையில் முன்னால் நிற்கும் மனிதர் களத்தில் பின்வரிசைக்குப் போனார். இருவர் எதிரெதிரே அமர்ந்து மோதும் போட்டி ஆட்டத்திலோ அவருக்கு இடமே இல்லை.

அறிபுனை உலகில் நடக்கும் வியூக விளையாட்டுகளுக்கு இப்படிப்பட்ட ‘ஹீரோ யூனிட்’ தேவைதானா? இந்த வகை விளையாட்டு தோன்றிய நாளிலிருந்தே கூடவரும் கேள்வி இது. மாயாஜாலக் கதைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வரம் பெற்றவன், மந்திர வாள் ஏந்தியவன் நூறு பேரைச் சாய்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அறிபுனைப் போர் வேறு. அங்கே ஆயுதம் பட்டறையில் வார்க்கப்படுகிறது. தளபதியின் நெஞ்சைத் துளைக்கும் குண்டும் சிப்பாயின் நெஞ்சைத் துளைக்கும் குண்டும் ஒரே இயந்திரத்திலிருந்து வந்தவை. வியூக விளையாட்டின் உயிர்நாடியும் அந்தப் பட்டறைதான். கனிமத்தைத் தோண்டு, ஆலையைக் கட்டு, டாங்கிகளை இறக்கு, இழந்ததற்கு ஈடாக இன்னும் நான்கைச் செய். ஈடு செய்ய முடியாத ஒருவர் இந்தக் கணக்குக்குள் நுழைந்தால் கணக்கே மாறிவிடுகிறது.

தொடக்கத்தில் நடந்தது ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் எழுதிய ‘டூன்’ நாவலின் மையம் பால் அட்ரைடிஸ் என்ற ஒற்றை மனிதன். ஒரு மக்கள் கூட்டம் அவனை மீட்பராக ஏற்பதும் அதனால் விளையும் ஆபத்தும்தான் கதை. 1992-இல் விர்ஜின் நிறுவனம் இந்த நாவலை வைத்து இரண்டு விளையாட்டுகளை வெளியிட்டது. பிரான்ஸின் க்ரையோ உருவாக்கிய ‘டூன்’ ஆட்டக்காரரைப் பாலாகவே ஆக்கியது. அமெரிக்காவின் வெஸ்ட்வுட் உருவாக்கிய ‘டூன் 2’ பாலைத் தூக்கிவிட்டு மூன்று குலங்களையும், மணலையும், மசாலா அறுவடை வண்டிகளையும், தொழிற்சாலைகளையும் மட்டும் வைத்துக்கொண்டது. நிகழ்நேர வியூக விளையாட்டு என்று இன்று அழைக்கப்படும் வகை இரண்டாவதிலிருந்துதான் கிளைத்தது. உலகப் புகழ்பெற்ற ஒரு நாயகனைக் கையில் வைத்திருந்தும் அவனை விட்டுவிட்ட ஆட்டம் ஒரு மரபுக்கே தாயானது என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

நாயகர் வந்தால் களத்தில் என்ன ஆகிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். பத்து வீரர்கள், ஒவ்வொருவருக்கும் 10 உயிர்ப்புள்ளி, நொடிக்கு 1 புள்ளி சேதம் விளைவிக்கும் துப்பாக்கி. எதிரே ஒரு நாயகர். அவருக்கு 100 உயிர்ப்புள்ளி, நொடிக்கு 10 புள்ளி சேதம். கூட்டிப் பார்த்தால் இரு தரப்பும் சமம். ஆனால் நாயகர் நொடிக்கு ஒருவரை வீழ்த்துகிறார். முதல் நொடியில் பத்துத் துப்பாக்கிகள் அவரைச் சுடுகின்றன, அடுத்த நொடியில் ஒன்பது, பிறகு எட்டு. பத்தாவது நொடியில் கடைசி வீரன் விழும்போது நாயகர் வாங்கிய அடி 55. மீதி 45 புள்ளியோடு நடந்து போகிறார், மருந்து போட்டுக்கொள்கிறார், மறுபடி வருகிறார். பத்துப் பேருடைய படை இறக்க இறக்க அதன் சுடுதிறனும் குறைகிறது. ஒற்றை உடலோ கடைசிப் புள்ளிவரை முழுத் திறனோடு சுடும். சமமாக விலை வைத்தாலும் சமமாக இருப்பதில்லை.

வார்கிராஃப்ட் 3-ஐ (2002) உருவாக்கியபோது பிளிஸார்ட் இந்தப் பிரச்சினையை நேருக்கு நேர் சந்தித்தது. அது அறிபுனை அல்ல, ஓர்க்குகளும் எல்ஃபுகளும் உலவும் மாய உலகம். இருந்தாலும் இந்த விவாதத்தில் அதைத் தவிர்க்க முடியாது. பின்னால் வந்த அறிபுனை ஆட்டங்கள் பலவும் அதைப் பார்த்துக் கற்றவை. அதில் ஒருவர் மூன்று நாயகர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். கொன்றால் அனுபவம் ஏறும், பத்தாம் நிலை வரை வளரலாம், பொருள்களைச் சுமக்கலாம். இதற்காகப் பிளிஸார்ட் கொடுத்த விலைதான் கவனிக்க வேண்டியது. ஸ்டார்கிராஃப்டில் படைக்கான உச்சவரம்பு 200. வார்கிராஃப்ட் 3-இன் ‘ஃபிரோஸன் த்ரோன்’ பதிப்பில் அது 100. படை 50-ஐத் தாண்டினாலே தங்க வருமானத்தில் வெட்டு விழும், 80-ஐத் தாண்டினால் இன்னும் பெரிய வெட்டு. அதற்குள் ஒவ்வொரு நாயகரும் 5 இடம் பிடித்துக்கொள்வார். நாயகர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் படை சுருங்க வேண்டும். தேர் வர வேண்டுமென்று தெருவில் கடைகளை ஒதுக்குவது போன்ற ஏற்பாடு அது. மாய உலகில் நன்றாகவே வேலை செய்தது. பிறகு 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது, பிளிஸார்ட் அந்த வெற்றிச் சூத்திரத்தைப் போட்டி ஆட்டத்துக்குள் கொண்டுவரவில்லை.

முழுக்கக் கொண்டுவராமலும் இல்லை. ‘புரோட்டாஸ்’ இனத்துக்கு ஒரு தாய்க்கப்பல் இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்திருக்க முடியும். 2007-இல் முதன்முதலாக அறிவித்தபோது கீழே உள்ள தரையையே பொசுக்கும் கதிர் அதற்கு இருந்தது. வெளியீட்டுக்குள் அது போய்விட்டது. மிஞ்சியது எதிரிப் படையைச் சிறிது நேரம் உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும் சுழல். ஆட்டக்காரர்கள் அதற்குள் ஒரே அடியில் பலரைத் தாக்கும் தங்கள் ‘ஆர்க்கான்’களையும் அனுப்பி, எல்லாரும் ஒரே புள்ளியில் நெரிசலாக வெளியே வரும் கணத்தில் மொத்தமாக அழிக்கக் கற்றுக்கொண்டார்கள். இருபது நிமிட உழைப்பு ஒற்றைச் சுழலில் முடிந்தது. 2013-இல் வந்த ‘ஹார்ட் ஆஃப் த ஸ்வார்ம்’ விரிவாக்கம் அந்தச் சுழலை நீக்கியது. பதிலாகத் தாய்க்கப்பலின் கரு என்ற சிறிய வடிவத்தைக் கொடுத்தது. 2017-இல் அந்தக் கருவும் எடுக்கப்பட்டது. ஒற்றைக்கொரு யூனிட்டைப் பத்து ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கிப் பார்த்தும் அது அந்த ஆட்டத்தோடு ஒட்டவில்லை.

முதல் ஸ்டார்கிராஃப்டின் போட்டி மேடையில் நாயகர்கள் இல்லாமல் போகவில்லை. தென்கொரியாவில் ‘பாக்ஸர்’ என்ற பெயரில் ஆடிய லிம் யோ-ஹ்வான் 2001-இல் இரண்டு முறை தொலைக்காட்சி லீக் பட்டத்தை வென்றவர். அவர் புகழுக்குக் காரணம் அந்த 40 புள்ளி மரீன்கள். நிலத்தடியில் பதுங்கி வரிசையாக முட்களை ஏவும் ‘லர்க்கர்’களுக்கு எதிரே மரீன்களைக் கொண்டுபோய், முள் வரும் கோட்டிலிருந்து நொடிப்பொழுதில் விலக்கி, திரும்பவும் சுடவைக்கும் ஆட்டத்தைப் பார்க்க அரங்கம் நிறைந்தது. ரேனரின் 200 புள்ளிகள் அந்த மேடைக்கு வந்திருந்தால் கைத்திறமைக்கு அங்கே இடம் குறைந்திருக்கும்.

இங்கே நின்றுவிட்டால் கேள்வி எளிதாக முடிந்துவிடும்: அறிபுனைக்கு நாயகர் வேண்டாம். ஆனால் 1997-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆட்டம் அந்த முடிவை ஒத்துக்கொள்ள விடாது.

கிறிஸ் டெய்லர் தலைமையில் கேவ்டாக் நிறுவனம் உருவாக்கிய ‘டோட்டல் அனைஹிலேஷன்’ ஒரே ஒரு ரோபோவோடு தொடங்குகிறது. அதன் பெயர் கமாண்டர். அதுதான் முதல் உலோகச் சுரங்கத்தைத் தோண்டும், முதல் ஆலையைக் கட்டும், சிதறிக் கிடக்கும் இடிபாடுகளை உறிஞ்சி உலோகமாக்கும். அதன் கையில் இருக்கும் ‘டி-கன்’ எதையும் ஒரே வீச்சில் சாம்பலாக்கும். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் சேர்த்துவைத்த ஆற்றலைக் குடிக்கும். கமாண்டர் செத்தால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வெடிக்கும். அதோடு ஆட்டம் முடிய வேண்டுமா என்பதை ஆட்டக்காரர்களே முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இந்த அமைப்பில் ஆழமான நியாயம் இருக்கிறது. கதைப்படி மனிதர்களின் மனத்தை இயந்திரத்துக்குள் மாற்றிவைப்பதைக் கட்டாயமாக்கியது ‘கோர்’ தரப்பு. அதை மறுத்து விலகியவர்கள் ‘ஆர்ம்’. 4,000 ஆண்டுப் போர் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் கமாண்டர்களே ஒரு படையைச் சூனியத்திலிருந்து எழுப்பக்கூடியவர்கள். அந்த உடல் ஏன் முக்கியம் என்று கேட்டால் உலகமே பதில் சொல்கிறது. டெய்லரே கேஸ் பவர்டு கேம்ஸில் 2007-இல் செய்த ‘சுப்ரீம் கமாண்டர்’ இந்த எண்ணத்தை இன்னும் கூர்மையாக்கியது. குவாண்டம் வாயில் வழியாகக் கவச இயந்திரத்துக்குள் அமர்ந்த ஒரே ஒரு மனிதர் கோளில் இறங்குகிறார். மற்றதெல்லாம் அவர் அங்கே செய்துகொள்ளும் பொருள்கள்.

ஆட்டத்தின் போக்கிலும் இது பலித்தது. கமாண்டரை ரேனரைப் போல மூலையில் ஒளித்துவைத்தால் பெரிய இழப்பு, ஏனென்றால் அவர்தான் கையிலுள்ள சிறந்த கட்டுநர், தொடக்கத்தில் சிறந்த போராளியும்கூட. முன்னே அனுப்பினால் எதிரியின் ஆரம்ப டாங்கிகளை அடித்து நொறுக்குவார். ஆனால் எங்கிருந்தோ வரும் குண்டுவீச்சு விமானக் கூட்டம் ஒன்று ஆட்டத்தையே முடித்துவிடலாம். துப்பாக்கியை மேம்படுத்துவதா, கட்டும் திறனைக் கூட்டுவதா? ‘சுப்ரீம் கமாண்டர்’ ஆடுபவர்கள் அவரைக் கடலுக்கடியில் இறக்கி மறைப்பார்கள். எதிரி அதை ஊகித்து டார்பிடோ விமானங்களோடு தேடி வருவான். நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் மோதும் களத்தில் ஆடுபவரின் நெஞ்சு அந்த ஒற்றைப் புள்ளியின் பேரில் துடிக்கும்.

சதுரங்கம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. ராஜா ஒரு கட்டம் மட்டுமே நகர்வார், அவர் வீழ்ந்தால் ஆட்டம் முடிந்தது. யானைக்கும் குதிரைக்கும் அர்த்தம் தருவது அந்த வலுவற்ற காயின் இருப்பு. ஆட்டம் முதிர்ந்து காய்கள் குறைந்த பிறகு அதே ராஜாவை நடுக்களத்துக்கு நடத்திச் செல்ல வேண்டியிருக்கும். டெய்லரின் கமாண்டர் அதை நேர்மாறாக்கினார்: முதலில் துணிந்து முன்னே, படை பெருகப் பெருகப் பின்னே. ராஜாவைப் போன்ற இந்த நாயகர்தான் அறிபுனை வியூக ஆட்டத்துக்கு மிகவும் பொருந்துபவர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வெஸ்ட்வுட் வேறொரு வழியில் போனது. ‘ரெட் அலர்ட்’ (1996) தந்த டான்யா படைத்தலைவி அல்ல. இரண்டு கைத்துப்பாக்கிகளும் வெடிப்பொருளும் வைத்திருக்கும் ஊடுருவல்காரி. காலாட்படையை நொடியில் வீழ்த்துவாள், கட்டடத்தின் அருகே சென்றால் கட்டடம் போச்சு. 2000-இல் வந்த ‘ரெட் அலர்ட் 2’-இல் நேச நாட்டுத் தரப்பு ஒரு நேரத்தில் ஒரே டான்யாவைத்தான் வைத்திருக்கலாம். டாங்கிகளின் முன் அவள் திணறினாள். அடுத்த ஆண்டு ‘யூரீஸ் ரிவெஞ்ச்’ விரிவாக்கம் டாங்கியிலும் வெடி வைக்கும் வித்தையை அவளுக்குக் கொடுத்தது. சோவியத் தரப்புக்கு மிக் விமானங்களை அழைக்கும் போரிஸைக் கொடுத்தது. டான்யா வந்தால் எதிரி காவலை மாற்றியமைக்க வேண்டும், சுவருக்கு உள்ளே ஒரு கண் வைக்க வேண்டும். அவள் செத்தால் ஆட்டம் தொடரும், மீண்டும் பயிற்றுவிக்கலாம். ஓர் ஊசி போல, ஒரே வேலைக்கானவள். படையின் இடத்தை அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. ‘ஹேலோ வார்ஸ்’ (2009) ஆட்டத்தின் ஸ்பார்ட்டன்களும் இந்த வழியில் வந்தவர்கள்: எதிரி வண்டியின் மேல் தாவி அதைக் கைப்பற்றுவது அவர்களால் மட்டுமே முடியும். அந்தத் தொடரின் முகமான மாஸ்டர் சீஃப் அதில் வரவே இல்லை. ஆட்டம் அதனால் நன்மையே அடைந்தது.

இடறல் எங்கே என்றால், மாய உலகின் நாயகரை அப்படியே பெயர்த்து அறிபுனையில் நடும்போது. இதற்குத் தெளிவான உதாரணம் ரெலிக் நிறுவனத்தின் ‘டான் ஆஃப் வார்’ வரிசை. ‘வார்ஹேமர் 40,000’ உலகம் பாதி அறிபுனை, பாதி புராணம். சங்கிலிவாள் ஏந்திய படைத்தலைவர்கள் அங்கே இயல்பானவர்கள். 2004-இல் வந்த முதல் ஆட்டத்தில் தளபதியை ஒரு குழுவோடு இணைத்துவிடலாம். அவர் அந்தக் குழுவின் முதுகெலும்பு ஆவார், குழு அவருக்குக் கவசம் ஆகும். 2009-இல் இரண்டாம் பாகம் தளம் கட்டும் வேலையை ஏறக்குறைய முழுதாக விட்டுவிட்டு, ஒரு தளபதியையும் சில குழுக்களையும் சுற்றியே போரை அமைத்தது. அது துணிச்சலான தேர்வு, தன் அளவில் முழுமையானதும்கூட.

2017-இன் மூன்றாம் பாகம் இரண்டையும் கலக்கப் பார்த்தது. பெரிய படை, தளம், அதற்கு மேல் ‘எலைட்’ எனப்படும் நாயகர்கள். அவர்களை இறக்கத் தனிப் புள்ளிகள். எதிரியின் மின்கருவை உடைத்தால் வெற்றி என்ற போட்டி முறை. அந்த முறையைப் பார்த்தவுடனே, ஆளுக்கு ஒரே நாயகரை நடத்தும் ‘டோட்டா’வும் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ஸும் நினைவுக்கு வந்தன. எலைட் ஒருவர் நடுவே குதித்தால் கீழே நிற்கும் சிப்பாய்கள் புல்லாகச் சாய்ந்தார்கள். கனத்த டெர்மினேட்டர் கவசம் அணிந்த, வரிசையின் முக்கிய நாயகரான காப்ரியேல் ஏஞ்சலோஸ் ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டபோது பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்களது கோபத்தை அற்பம் என்று சொல்ல முடியாது. அந்தக் கவசத்தின் எடையை நம்பித்தான் அவர்கள் அந்த உலகத்துக்குள் வந்திருந்தார்கள். 2018 பிப்ரவரிக்குள் ரெலிக் அந்த ஆட்டத்துக்குப் புதியவற்றைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது.

டோட்டா வகையின் வேரே ஓர் அறிபுனை ஆட்டத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்டார்கிராஃப்டோடு வந்த வரைபடக் கருவியைக் கொண்டு ரசிகர் ஒருவர் ‘ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்’ என்ற வரைபடத்தை உருவாக்கினார். அதில் ஆளுக்கு ஒரே நாயகர். படை தானாக நகரும். பிறகு வார்கிராஃப்ட் 3-இன் கருவியில் ‘டோட்டா’ பிறந்தது, 2009-இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’, 2013-இல் ‘டோட்டா 2’. நாயகரை விரும்பியவர்களுக்குத் தனி வீடே கிடைத்துவிட்டது. வியூக ஆட்டத்தின் பழைய வீட்டில் அவரை மறுபடி குடிவைக்க நினைத்தவர்கள் அவருக்கு வேறு காரணம் காட்ட வேண்டியதாயிற்று.

நாயகர் வேண்டும் என்போரின் வாதத்திலும் உயிர் இருக்கிறது. நூறு டாங்கிகள் எரிந்தாலும் யாருக்கும் தொண்டை அடைக்காது. முதல் ஸ்டார்கிராஃப்டில் டார்சோனிஸில் தன் தளபதி கெரிகனைக் கைவிட்டுவிட்டுக் கிளர்ச்சித் தலைவர் மெங்ஸ்க் போகும் கட்டம் இன்றும் பேசப்படுகிறது என்றால், அதற்கு முந்தைய கட்டங்களில் அவளை உயிரோடு காத்துக் கூட்டிவந்தது ஆட்டக்காரரின் சொந்தக் கை என்பதே காரணம். ‘ஹார்ட் ஆஃப் த ஸ்வார்ம்’, பின்னர் ஸெர்க் இனத்தின் ராணியாகிவிட்ட அவளையே மையமாக்கியது. கூட்டு மனம் கொண்ட ஸெர்க் இனத்துக்கு ஒரு ராணி வேண்டும் என்ற தர்க்கம் சரிதான். ஆனால் அங்கே அவள் வீழ்ந்தாலும் சற்று நேரத்தில் கூட்டில் மீண்டும் எழுவாள். பத்திரமாகக் காக்க வேண்டிய பாரம் போய்விட்டது, கூடவே அந்தப் பழைய பதற்றமும் போய்விட்டது. ‘ஸ்டார் வார்ஸ்: எம்பயர் அட் வார்’ (2006) டார்த் வேடரையும் ஓபி-வானையும் இதே முறையில் நடத்தியது: வீழ்ந்தவர்கள் சிறிது நேரம் கழித்துத் திரும்பி வருவார்கள்.

விண்வெளி ஆட்டங்கள் நாயகர் சிக்கலை அமைதியாகத் தீர்த்துக்கொண்டன. ‘ஹோம்வேர்ல்ட்’ (1999) கரன் ஸ்ஜெட் என்ற பெண்ணைத் தாய்க்கப்பலோடு ஒன்றாக இணைத்தது. கப்பல்தான் அவளது உடல்; அவளது குரல் மட்டும் படை முழுவதையும் வழிநடத்தும். அவளை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் தாய்க்கப்பலை எப்படிக் காப்பது என்ற கேள்வியும் ஒன்றே. ‘சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்’ (2008) தன் பெரிய போர்க்கப்பல்களுக்கு அனுபவமும் தனித்திறன்களும் தந்தது; முதல் கப்பல் இலவசம், வார்கிராஃப்ட் 3-இன் முதல் நாயகரைப் போலவே. மனிதருக்குப் பொருந்தாத ஆயிரம் உயிர்ப்புள்ளிகள் எஃகு மலைக்குப் பொருந்திவிட்டன.

எல்லாவற்றையும்விட நெருக்கமான விடை முறைவழி ஆட்டம் ஒன்றிலிருந்து வருகிறது. ஜூலியன் கோலப் வடிவமைத்து 1994-இல் வந்த ‘எக்ஸ்காம்’ வரிசையின் முதல் ஆட்டத்தில் நாயகர் என்று யாரும் இல்லை. புதிதாகச் சேரும் சிப்பாய்க்குப் பெயர் இருக்கும், சுடத் தெரியாது, முதல் பணியிலேயே சாகலாம். செத்தவர் திரும்ப வரமாட்டார். ஜேக் சாலமன் தலைமையில் ஃபிராக்ஸிஸ் 2012-இல் அதைப் புதிதாகச் செய்தபோது இந்த ஒன்றை மட்டும் தொடவே இல்லை. ஆடியவர்கள் சிப்பாய்களுக்குத் தங்கள் நண்பர்களின், உடன்பிறந்தவர்களின் பெயர்களை வைத்தார்கள். ஒருவர் பத்துப் பணிகளைத் தாண்டி உயிரோடு இருந்தால் அவர் கர்னல் ஆகிறார், அறுபது சதவீத வாய்ப்புள்ள குண்டுக்கு அவரை நம்பத் தோன்றுகிறது. நாயகர் இங்கே விற்பனைக்கு வரவில்லை, களத்தில் விளைகிறார். 2017-இல் ‘எக்ஸ்காம் 2’-இன் ‘வார் ஆஃப் த சோசன்’ விரிவாக்கம் தொடக்கத்திலிருந்தே அபாரத் திறனுள்ள ரீப்பர், ஸ்கர்மிஷர், டெம்ப்ளர் வீரர்களைச் சேர்த்தது. ஆடுவதற்கு அவர்கள் இனிமையானவர்கள்தான். ஆனாலும் முதல் பணியில் தடுமாறி, மூன்றாம் பணியில் காயப்பட்டு, பன்னிரண்டாம் பணியில் எல்லாரையும் காப்பாற்றிய ஒருவரின் இடம் அவர்களுக்குக் கிடைப்பது கடினம்.

2012 ஆட்டத்தின் படைவீடுகளில் ஒரு சுவர் உண்டு. வீழ்ந்தவர்களின் பெயர்கள், அவர்கள் சென்ற பணிகள், வீழ்த்திய எதிரிகளின் எண்ணிக்கை எல்லாம் அங்கே பதிவாகும். நடுகல்லில் பெயர் பொறிப்பதைப் போன்ற ஏற்பாடு. ஆட்டத்துக்கு அது எந்தப் பயனும் தருவதில்லை. கூடுதல் புள்ளியோ ஆயுதமோ கிடைக்காது. ஆனாலும் ஒரு மோசமான பணி முடிந்து தளத்துக்குத் திரும்பும் ஆட்டக்காரர்கள், அடுத்த வேற்றுக்கிரகக் கப்பலைத் தேடும் முன், அந்தச் சுவரைத் திறந்து பட்டியலின் கடைசியில் புதிதாகச் சேர்ந்த பெயரைப் பார்க்கிறார்கள்.